பிளேரைட் டெஸ்ட்டுகளுக்கென்று தனி என்ஜின்எக்ஸ்: கான்ஃபிக்கைப் பிரிப்பது முதல் லாக் படிப்பது வரை

டெஸ்ட்டுகள் எல்லாம் பச்சை. ஆனால் புரொடக்‌ஷனில் ஒருவர் 3 எம்.பி. படம் ஏற்றினால் 413 பிழை, அதாவது அனுப்பியது மிகப் பெரிது. கோடில் தப்பு எதுவும் இல்லை. பிளேரைட் (பிரவுசரைத் தானாக இயக்கித் தளத்தைச் சோதிக்கும் கருவி) டெஸ்ட்டுகள் பேசியது செயலி ஓடும் நோட் டெவலப்மென்ட் சர்வரிடம். பயனர் பேசியது செயலிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸிடம். என்ஜின்எக்ஸில் கிளையன்ட்-மேக்ஸ்-பாடி-சைஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு 1 எம்.பி. டெஸ்ட் அந்த வாசல் வழியாகப் போனதே இல்லை.

தீர்வு, டெஸ்ட்டையும் என்ஜின்எக்ஸ் வழியாகவே அனுப்புவது. இதைப் பலரும் முயன்று பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள். கணினியில் ஏற்கெனவே ஓடும் என்ஜின்எக்ஸின் கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பை) டெஸ்ட்டுக்காகத் திருத்துவார்கள். ஒருவர் கணினியில் ஓடும், அடுத்தவர் கணினியில் ஓடாது, கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சி.ஐ. சர்வரில் சுத்தமாக ஓடாது. இன்னொரு வகையினர் டெஸ்ட்டுக்கென்று புதிதாக ஒரு கான்ஃபிக் எழுதுவார்கள். அது ஓடும். ஆனால் புரொடக்‌ஷன் கான்ஃபிக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததால் டெஸ்ட் எதையும் நிரூபிக்காது.

கான்ஃபிக்கை இரண்டாகப் பிரித்தால் இரண்டு தொல்லையும் தீரும். எந்தப் பாதை எங்கே போகும், எந்த ஹெடர் (கோரிக்கையோடும் பதிலோடும் போகும் கூடுதல் தகவல் வரி) சேரும், எவ்வளவு பெரிய கோப்பை ஏற்கலாம் என்பவை விதிகள். எந்த போர்ட், எந்த அடைவு, எந்த லாக், எந்தச் சான்றிதழ் என்பவை இடம். விதிகள் டெஸ்ட்டுக்கும் புரொடக்‌ஷனுக்கும் ஒன்றே. இடம் மட்டும் வேறு. இந்த வழிகாட்டி முழுக்க இந்தப் பிரிவினையை வைத்துத்தான் போகும்.

ஒரு குறிப்பு: அமைப்புகளின் பெயர்களை உச்சரிப்பின்படியே எழுதியிருக்கிறேன். என்ஜின்எக்ஸ் கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடிட்டு எழுத வேண்டும். பிளேரைட் கோப்பில் இடைவெளியே இல்லாமல், இரண்டாவது சொல்லிலிருந்து முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கி எழுத வேண்டும்; யு.ஆர்.எல்., ஹெச்.டி.டி.பி.எஸ். போன்ற சுருக்கங்கள் அங்கே வந்தால் முழுதும் பெரிய எழுத்து.

படி 1: விதியையும் இடத்தையும் பிரிப்பது

இப்போது உங்களிடம் இருக்கும் புரொடக்‌ஷன் கான்ஃபிக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். லொக்கேஷன் தொகுதிகள், ஆட்-ஹெடர் வரிகள், புராக்ஸி-செட்-ஹெடர் வரிகள், ஜிஜிப் (பதிலைச் சுருக்கி அனுப்புவது), கோரிக்கையின் உடல் அளவு வரம்பு, ரீடைரக்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். அது சர்வர் தொகுதிக்குள் இன்க்ளூட் ஆகும் கோப்பு. லிமிட்-ரெக்-ஸோன், மேப், லாக்-ஃபார்மட், அப்ஸ்ட்ரீம் (பின்னால் ஓடும் செயலி) போன்றவை சர்வர் தொகுதிக்குள் இருக்க முடியாது; ஹெச்.டி.டி.பி. தொகுதியில்தான் இருக்க வேண்டும். அவற்றில் பொதுவானவற்றுக்கு இன்னொரு கோப்பு. ஆக, விதிக்கு இரண்டு கோப்புகள்.

மிஞ்சுவது இடம்: லிசன், சர்வர்-நேம், எஸ்.எஸ்.எல். சான்றிதழ் வரிகள், யூசர், பிட் (ஓடும் என்ஜின்எக்ஸின் புராசஸ் எண்ணை எழுதிவைக்கும் கோப்பு), லாக் பாதைகள், பின்னால் ஓடும் செயலியின் முகவரி. புரொடக்‌ஷனுக்கு ஒரு இடக் கோப்பு, டெஸ்ட்டுக்கு ஒன்று. இரண்டும் அதே விதிக் கோப்புகளை இன்க்ளூட் செய்யும். எல்லாமே செயலியின் கோட் இருக்கும் அதே ரெப்போவில் இருப்பது நல்லது. சர்வர் கான்ஃபிக் வேறொரு குழுவின் ரெப்போவில் கிடந்தால், இந்த வேலையின் பாதி அந்தக் குழுவோடு பேசி முடிப்பதுதான். அதைத் தள்ளிப்போடாதீர்கள், நகல் எடுத்து வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் இரண்டும் வேறு வேறாகிவிடும்.

சில அமைப்புகள் எந்தப் பக்கம் சேரும் என்று குழப்பும். டைம்அவுட்டும் ரேட் லிமிட்டும் அப்படிப்பட்டவை. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

படி 2: டெஸ்ட்டுக்கான இடத்தைக் கட்டுவது

டெஸ்ட் என்ஜின்எக்ஸ் சாதாரணப் பயனராக ஓட வேண்டும். சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் உரிமையோடு, ஓட்டினால் அன்றைக்கு ஓடிவிடும். பிறகு லாக் கோப்புகள் ரூட் பெயரில் உருவாகி, அடுத்த முறை அவற்றை அழிக்கவும் சூடோ தேவைப்படும். இந்தப் பழக்கத்தை ஆரம்பத்திலேயே தவிர்த்துவிடலாம்.

சாதாரணப் பயனராக ஓட்டியதும் முதலில் வருவது 13 என்ற எண்ணோடு அனுமதி மறுப்பு. என்ஜின்எக்ஸ் தொகுக்கப்பட்டபோதே சில பாதைகள் அதனுள் பதிந்திருக்கும். டெபியன், உபுண்டு பொதிகளில் பிட் கோப்பு, லாக், தற்காலிக அடைவுகள் எல்லாம் கணினியின் பொது அடைவுகளைக் காட்டும். அங்கே எழுத உங்களுக்கு அனுமதி கிடையாது. ஒவ்வொன்றையும் நம் பக்கம் திருப்ப வேண்டும்.

பிட் அமைப்பை டெஸ்ட் அடைவுக்கு மாற்றுங்கள். அப்புறம் தற்காலிக அடைவுகள் ஐந்து: கிளையன்ட்-பாடி, புராக்ஸி, ஃபாஸ்ட்-சி.ஜி.ஐ., யு-விஸ்கி, எஸ்-சி.ஜி.ஐ. ஒவ்வொன்றுக்கும் டெம்ப்-பாத் அமைப்பு உண்டு. நீங்கள் ஃபாஸ்ட்-சி.ஜி.ஐ. பயன்படுத்தாவிட்டாலும் அந்தப் பகுதி உள்ளே தொகுக்கப்பட்டிருந்தால், தொடங்கும்போதே அடைவை உருவாக்கப் பார்த்துத் தோற்றுப்போகும். அதனால் ஐந்தையும் எழுதிவிடுங்கள். யூசர் வரி வேண்டாம். ரூட் அல்லாதவர் ஓட்டும்போது அதற்குப் பொருளில்லை என்று எச்சரிக்கைதான் வரும். வொர்க்கர்-புராசஸஸ் 1 போதும்.

எரர் லாக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கான்ஃபிக்கில் எரர்-லாக் பாதையை மாற்றிய பிறகும், பொது லாக்கைத் திறக்க முடியவில்லை என்று ஒரு அலர்ட் வரி வந்துகொண்டே இருக்கும். கான்ஃபிக்கைப் படிப்பதற்கு முன்பே என்ஜின்எக்ஸ் தன் இயல்பு லாக்கைத் திறக்க முயல்வதுதான் காரணம். 1.19.5 பதிப்பிலிருந்து கட்டளை வரியில் ஹைஃபன்-இ என்ற தெரிவு இருக்கிறது. அதில் பாதையையோ எஸ்.டி.டி.எர்ர் (பிழை வெளியீடு) என்ற சொல்லையோ கொடுத்தால் அந்த வரி மறையும். அதற்கும் பழைய பதிப்பு என்றால் அந்த அலர்ட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அது சர்வரை நிறுத்தாது.

ப்ரிஃபிக்ஸ் என்பதன் முதலெழுத்தான ஹைஃபன்-பி தெரிவில் டெஸ்ட் அடைவையும், ஹைஃபன்-சி தெரிவில் டெஸ்ட் கான்ஃபிக்கையும் கொடுங்கள். இங்கேதான் பலரும் இடறுவார்கள். கான்ஃபிக்கில் எழுதும் சார்புப் பாதைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து எண்ணப்படுவதில்லை. ரூட், லாக், பிட், தற்காலிக அடைவு ஆகியவை ஹைஃபன்-பி கொடுத்த அடைவிலிருந்து. இன்க்ளூட்டும் எஸ்.எஸ்.எல். சான்றிதழும் கான்ஃபிக் கோப்பு இருக்கும் அடைவிலிருந்து.

எந்தக் கோப்பு எந்த வகை என்று பிரவுசருக்குச் சொல்ல உதவும் மைம் டைப்ஸ் கோப்பு இதில் அடிக்கடி பலியாகும். கணினியின் கான்ஃபிக்கில் அது பக்கத்திலேயே இருப்பதால் வெறும் பெயரைச் சொல்லி இன்க்ளூட் செய்திருப்பார்கள். உங்கள் டெஸ்ட் அடைவில் அது இல்லை. என்ஜின்எக்ஸ் தொடங்க மறுக்கும். எரிச்சலில் அந்த வரியை நீக்கினால் சர்வர் ஓடும், ஆனால் நிலைமை இன்னும் மோசம்: ஸ்டைல் கோப்புகள் வெற்று உரை என்ற வகையில் போகும், பிரவுசர் அவற்றை ஏற்க மறுக்கும், ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களும் தடுக்கப்படும், திரையில் அலங்காரமில்லாத வெள்ளைப் பக்கம் நிற்கும். டெஸ்ட்டோ பொத்தானைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும். மைம் டைப்ஸ் கோப்பை ரெப்போவுக்குள் நகலெடுத்து வையுங்கள். நகல் எடுக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே கோப்பு இதுதான்.

லாக் அடைவை என்ஜின்எக்ஸ் தானாக உருவாக்காது. தற்காலிக அடைவுகளிலும் கடைசி நிலையை மட்டுமே உருவாக்கும். தாய் அடைவு முன்பே இருக்க வேண்டும். கிட் காலி அடைவுகளைச் சேமிக்காது என்பதால், உங்கள் கணினியில் இருக்கும் அடைவு சி.ஐ.யில் இருக்காது. அடைவுகளை உருவாக்குவது தொடக்க ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக இருக்கட்டும்.

படி 3: போர்ட்டும் முகவரியும்

8080 வேண்டாம். மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக நிறுவும் என்ஜின்எக்ஸே அதில்தான் உட்காரும். 5000, 7000 இரண்டையும் மேக்கின் ஏர்பிளே ரிசீவர் பிடித்துக்கொள்ளலாம். 6000, 6665 முதல் 6669 வரை, 10080 போன்றவற்றைக் குரோம் பாதுகாப்பற்ற போர்ட் என்று திறக்கவே திறக்காது. கர்ல் கட்டளையில் பதில் வரும், பிரவுசரில் வராது, தலை சுற்றும். லினக்ஸ் தன் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு 32768 முதல் 60999 வரை எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால் அந்த வரிசையிலும் வேண்டாம். 18080 போல ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எங்கும் நேரடியாக எழுதாமல் சூழல் மாறி வழியாகவே கொடுங்கள்.

லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எல்லா இடத்திலும் எழுதுங்கள். நோட் 17 முதல், பெயரைத் தேடும்போது கணினி தரும் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஐ.பி.வி.6 முகவரி முதலில் வந்தால் அதைத்தான் தொடும். உங்கள் லிசன் வரி ஐ.பி.வி.4-ல் மட்டும் இருந்தால் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வரலாம். சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்னொன்று, குக்கிகளுக்கு லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-ம் வேறு வேறு வீடுகள். ஒன்றில் உள்நுழைந்துவிட்டு மற்றொன்றுக்குப் போனால் வெளியே நிற்பீர்கள்.

தரமல்லாத போர்ட்டில் ஓட்டியதும் இன்னொரு பழைய தவறு வெளியே வரும். புராக்ஸி-செட்-ஹெடர் வரியில் ஹோஸ்ட் ஹெடருக்கு டாலர்-ஹோஸ்ட் என்று கொடுத்திருப்பீர்கள். அந்த மாறியில் போர்ட் எண் வராது. செயலி அதை நம்பி ரீடைரக்ட் முகவரி கட்டினால், உள்நுழைந்த அடுத்த நொடி பிரவுசர் போர்ட் 80-க்கு ஓடிப்போகும். டாலர்-ஹெச்.டி.டி.பி-ஹோஸ்ட் என்று மாற்றினால் பிரவுசர் அனுப்பியது போர்ட்டோடு அப்படியே போகும். புரொடக்‌ஷனில் போர்ட் 443 என்பதால் இரண்டும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஆகவே இந்தத் திருத்தத்தை விதிக் கோப்பிலேயே செய்யலாம்.

படி 4: மாறிகளை நிரப்புவது

என்ஜின்எக்ஸ் தன் கான்ஃபிக்கில் சூழல் மாறிகளைப் படித்து நிரப்பாது. அதனால் இடக் கோப்பை ஒரு வார்ப்புருவாக எழுதி, என்வ்-சப்ஸ்ட் என்ற சிறு நிரலால் நிரப்பி, வரும் கோப்பை என்ஜின்எக்ஸிடம் கொடுப்பது வழக்கம். டாக்கரின் (செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) அதிகாரபூர்வ என்ஜின்எக்ஸ் இமேஜும் இதையே செய்கிறது.

என்வ்-சப்ஸ்ட்டை வெறுமனே ஓட்டினால் டாலர் குறியோடு வரும் எல்லாவற்றையும் சூழல் மாறி என்று நினைத்துக்கொள்ளும். டாலர்-ஹோஸ்ட், டாலர்-யு.ஆர்.ஐ எல்லாம் சூழலில் இல்லாததால் அந்த இடங்கள் காலியாகிவிடும். சில வரிகளில் தொடரியல் பிழை வரும், அது அதிர்ஷ்டம். மற்ற வரிகளில் பிழையே வராமல் தவறான கான்ஃபிக் ஓடும். தீர்வு: எந்த மாறிகளை மட்டும் நிரப்ப வேண்டும் என்று ஒற்றை மேற்கோளுக்குள் பட்டியலாகக் கொடுப்பது. டெஸ்ட்-போர்ட், ஆப்-போர்ட், டைம்அவுட் என்று மூன்று நான்கு போதும். விதிக் கோப்புகளை என்வ்-சப்ஸ்ட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவை கை படாமல் இன்க்ளூட் ஆகட்டும்.

தொடக்க ஸ்கிரிப்ட் மொத்தம் நான்கே வரி. அடைவுகளை உருவாக்கு. வார்ப்புருவை நிரப்பு. டெஸ்ட் என்பதன் முதலெழுத்தான ஹைஃபன்-டி தெரிவோடு என்ஜின்எக்ஸை ஓட்டி கான்ஃபிக்கைச் சரிபார். தவறு என்றால் அங்கேயே நில். கடைசியாக எக்ஸெக் போட்டு என்ஜின்எக்ஸைத் தொடங்கு. எக்ஸெக் எதற்கு? அது இல்லாவிட்டால் நடுவில் ஒரு ஷெல் உட்கார்ந்திருக்கும். நிறுத்தச் சொல்லும் சிக்னல் ஷெல்லுக்குப் போகும், என்ஜின்எக்ஸுக்குப் போய்ச் சேராமல் போகலாம்.

விண்டோஸில் வேலை செய்பவர்கள் டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) உள்ளே இதைச் செய்வது மேல்.

படி 5: பிளேரைட்டோடு இணைப்பது

பிளேரைட் கான்ஃபிக்கில் வெப்-சர்வர் என்ற பகுதி இருக்கிறது. டெஸ்ட் தொடங்கும் முன் கட்டளையை ஓட்டி, சர்வர் தயாராகும்வரை காத்திருந்து, முடிந்ததும் நிறுத்துவது அதன் வேலை. அதற்கு ஒரு பட்டியலாகவும் கொடுக்கலாம். நமக்கு இரண்டு வேண்டும்: முதலில் செயலி, அடுத்து என்ஜின்எக்ஸ். இந்த வரிசையிலேயே எழுதுங்கள். ஏன் என்று அடுத்த படியில் புரியும். யூஸ் பகுதியில் பேஸ்-யு.ஆர்.எல். என்ஜின்எக்ஸின் முகவரியைக் காட்ட வேண்டும். இதை மறந்து செயலியின் போர்ட்டையே விட்டுவைத்தால், இவ்வளவு வேலையும் செய்துவிட்டு டெஸ்ட்டுகள் பழையபடி பின்வாசல் வழியாகவே போய்க்கொண்டிருக்கும்.

என்ஜின்எக்ஸ் இயல்பாகத் தன்னைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, தொடங்கிய கட்டளையை முடித்துக்கொள்ளும். பிளேரைட் பார்வையில் சர்வர் செத்துவிட்டது. தொடங்க முடியவில்லை என்று புகார் சொல்லும். பின்னணிக்குப் போன என்ஜின்எக்ஸோ போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும், அடுத்த ஓட்டத்தில் முகவரி பயன்பாட்டில் உள்ளது என்று வரும். இடக் கோப்பில் டீமன் ஆஃப் என்று ஒரு வரி போட்டால் இரண்டும் தீரும்.

ரீயூஸ்-எக்ஸிஸ்டிங்-சர்வர் என்ற தெரிவு பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. சி.ஐ. அல்லாத இடங்களில் இதை ட்ரூ என்று வைப்பதுதான் பரவலான வழக்கம். செயலிக்கு அது சரி, தொடங்க நேரமாகும். என்ஜின்எக்ஸுக்கு வேண்டாம். அது கண் இமைக்கும் நேரத்தில் தொடங்கிவிடும். மறுபயன்பாட்டால் மிச்சமாவது எதுவும் இல்லை. போகும் விலை பெரிது: விதிக் கோப்பைத் திருத்திவிட்டு டெஸ்ட் ஓட்டுவீர்கள், காலையில் தொடங்கிய பழைய என்ஜின்எக்ஸ் பழைய விதியோடு பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஃபால்ஸ் என்றால் அந்த முகவரியில் ஏற்கெனவே ஏதோ ஓடுகிறது என்று பிளேரைட் நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நல்லது.

வெப்-சர்வரின் எஸ்.டி.டி.எர்ர் இயல்பாகத் திரைக்கு வரும், எஸ்.டி.டி.அவுட் (சாதாரண வெளியீடு) வராது. முதல் முறை அமைக்கும்போது இரண்டையும் பைப் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் விதத்தைச் சொல்லாவிட்டால் பிளேரைட் அந்த புராசஸ் குழுவையே சிக்-கில் (உடனே கொல்லும் சிக்னல்) அனுப்பிக் கொன்றுவிடும். நேரடியாக ஓடும் என்ஜின்எக்ஸுக்கு இதனால் பாதகமில்லை. ஒரு பிட் கோப்பு மிச்சம் கிடக்கும், அடுத்த முறை அதன் மேலேயே எழுதிக்கொள்ளும். டாக்கருக்குள் ஓட்டினால்தான் சிக்கல்: கட்டளை செத்தாலும் கன்டெய்னர் சாகாது. புதிய பதிப்புகளில் இருக்கும் கிரேஸ்ஃபுல்-ஷட்டவுன் தெரிவில் சிக்-டெர்ம் (முறையாக நிறுத்தச் சொல்லும் சிக்னல்) என்று கொடுக்க வேண்டும். டாக்கர்காரர்களுக்கு இன்னொன்று: கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அது கன்டெய்னரேதான். வெளியே ஓடும் செயலியை அந்த முகவரியில் தேடினால் 502, அதாவது பின்னால் உள்ள செயலியை எட்ட முடியவில்லை என்ற பிழை வரும்.

படி 6: தயாரா என்று கேட்பது

யு.ஆர்.எல். தெரிவில் கொடுத்த முகவரியை பிளேரைட் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். 2-லோ 3-லோ தொடங்கும் பதில், அல்லது 400 முதல் 403 வரையிலான பதில் வந்தால் தயார் என்று எடுத்துக்கொள்ளும். இயல்பாக 60 விநாடி பொறுக்கும்.

புரொடக்‌ஷனில் லோட் பேலன்ஸருக்காக ஒரு ஹெல்த் பாதை வைத்திருப்பீர்கள். பல கான்ஃபிக்குகளில் அதற்கு என்ஜின்எக்ஸே 200 என்று பதில் சொல்லிவிடும். அந்தப் பாதையை பிளேரைட்டிடம் கொடுக்காதீர்கள். செயலி இன்னும் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே டெஸ்ட்டுகள் கிளம்பிவிடும். செயலிவரை போய்த் திரும்பும் ஒரு பாதையைக் கொடுங்கள். செயலி தயாராகாதவரை என்ஜின்எக்ஸ் 502 சொல்லும், 502 ஏற்கப்படும் பட்டியலில் இல்லை, பிளேரைட் காத்திருக்கும். பட்டியலில் செயலியை முதலில் எழுதச் சொன்னதும் இதனால்தான்: செயலிக்காகக் காத்திருக்கும் என்ஜின்எக்ஸ் முதல் ஆளாக நின்றால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நேரம் போய்விடலாம்.

படி 7: டைம்அவுட், ரேட் லிமிட், குக்கி

இவைதான் விதியா இடமா என்று குழப்பும் விஷயங்கள்.

டைம்அவுட்டை எடுத்துக்கொள்வோம். செயலி பதில் சொல்லாமல் இழுத்தால் என்ஜின்எக்ஸ் 504 தர வேண்டும், உங்கள் பிழைப் பக்கம் தெரிய வேண்டும் என்று டெஸ்ட் எழுதுகிறீர்கள். புராக்ஸி-ரீட்-டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 60 விநாடி. பிளேரைட்டில் ஒரு டெஸ்ட்டுக்கு இயல்பாகக் கிடைப்பது 30 விநாடி. 504 வருவதற்கு முன்பே டெஸ்ட் செத்துவிடும். இந்த அமைப்பில் என்ஜின்எக்ஸ் மாறிகளைப் பயன்படுத்த முடியாது என்பதால், எண்ணை இடக் கோப்புக்குக் கொண்டுபோய் என்வ்-சப்ஸ்ட் வழியாக நிரப்புங்கள். புரொடக்‌ஷனில் 60, டெஸ்ட்டில் 2. இந்த நேரம் மொத்தப் பதிலுக்கும் அல்ல, இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு. சொட்டுச் சொட்டாகப் பதில் அனுப்பும் செயலி 2 விநாடியைத் தாண்டினாலும் தப்பித்துக்கொள்ளும்.

ரேட் லிமிட் இன்னும் சுவாரசியம். உள்நுழையும் பாதைக்கு ஐ.பி. முகவரிக்கு இத்தனை என்று வரம்பு வைத்திருப்பீர்கள். பிளேரைட் பல வொர்க்கர்களை ஒரே நேரத்தில் ஓட்டும், எல்லாம் 127.0.0.1-லிருந்து வரும். என்ஜின்எக்ஸ் கண்ணுக்கு அது ஒரே ஆள் கதவை உடைப்பது போலத் தெரியும், 503 திருப்பி அனுப்பும். எந்த டெஸ்ட் மாட்டும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். இதைப் பார்த்துப் பெரும்பாலோர் டெஸ்ட்டில் ரேட் லிமிட்டையே அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

இப்படிச் செய்யலாம். லிமிட்-ரெக்-ஸோனின் சாவியாக ஐ.பி.யை நேரடியாகக் கொடுக்காமல், லிமிட்-கீ என்று நீங்களே ஒரு மாறி வையுங்கள். சாவி காலியாக இருந்தால் என்ஜின்எக்ஸ் அந்தக் கோரிக்கையை எண்ணாது. புரொடக்‌ஷன் இடக் கோப்பில் மேப் தொகுதி அந்த மாறிக்கு எப்போதும் ஐ.பி.யைக் கொடுக்கும். டெஸ்ட் இடக் கோப்பில் மேப் தொகுதி ஒரு தனி ஹெடரைப் பார்க்கும்: ஹெடர் இருந்தால் ஐ.பி., இல்லாவிட்டால் காலி. மற்ற டெஸ்ட்டுகள் எல்லாம் வரம்பின்றி ஓடும். ரேட் லிமிட்டைச் சோதிக்கும் டெஸ்ட் மட்டும் அந்த ஹெடரை அனுப்பி, வேண்டுமென்றே வரம்பைத் தாண்டி, 503 வருகிறதா என்று பார்க்கும். வரம்பின் எண்ணும் பர்ஸ்ட் (ஒரே மூச்சில் வரம்புக்கு மேல் ஏற்கும் கோரிக்கைகள்) அளவும் விதிக் கோப்பில் அப்படியே இருக்கும்.

குக்கிக்கு வருவோம். உள்நுழைவுக் குக்கியில் செக்யூர் என்ற குறி இருந்தால், சொந்தக் கணினி முகவரியில் ஹெச்.டி.டி.பி. வழியாக வந்தாலும் குரோமியம் (குரோமின் அடிப்படை) ஏற்றுக்கொள்ளும். வெப்கிட் (சஃபாரியின் அடிப்படை) ஏற்காது. குரோமியத்தில் பச்சை, வெப்கிட்டில் உள்நுழைவு மட்டும் சிவப்பு என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். டெஸ்ட் இடத்தில் ஒரு சுய கையொப்பச் சான்றிதழ் போட்டு ஹெச்.டி.டி.பி.எஸ். ஆக்கிவிடுவதே சுத்தமான வழி. இக்னோர்-ஹெச்.டி.டி.பி.எஸ்-எரர்ஸ் தெரிவை யூஸ் பகுதி, வெப்-சர்வர் பகுதி இரண்டிலும் போட வேண்டும். ஒன்றில் விட்டால் சர்வர் தயாராகவே இல்லை என்று 60 விநாடி காத்திருந்து தோற்கும்.

கேஷ் ஹெடர்களைத் தொடாதீர்கள். பழைய கோப்பு வந்துவிடும் என்று பயந்து அணைப்பார்கள். பிளேரைட் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதிய பிரவுசர் சூழலைத் திறக்கிறது. அந்தப் பயத்துக்கு இடமில்லை.

படி 8: லாக்கில் எந்த டெஸ்ட் என்று தெரிய வைப்பது

இருபது டெஸ்ட்டுகள் ஒன்றாக ஓடும்போது ஒரு 502 வந்தால், ஆக்சஸ் லாக்கில் அது யாருடையது என்று தேடுவது வேண்டாத வேலை. ஒவ்வொரு டெஸ்ட்டும் தன் அடையாளத்தை ஒரு ஹெடரில் அனுப்பட்டும். எக்ஸ்-டெஸ்ட்-ஐடி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். டெஸ்ட் இடக் கோப்பின் லாக்-ஃபார்மட்டில் அந்த ஹெடரின் மாறியையும், அப்ஸ்ட்ரீம்-ஸ்டேட்டஸ், ரெக்வஸ்ட்-டைம், அப்ஸ்ட்ரீம்-ரெஸ்பான்ஸ்-டைம் ஆகியவற்றையும் சேருங்கள். ஸ்டேட்டஸ் 504, அப்ஸ்ட்ரீம் ஸ்டேட்டஸும் 504, நேரம் 2.001 என்று இருந்தால் செயலி இழுத்திருக்கிறது. ஸ்டேட்டஸ் 413, அப்ஸ்ட்ரீம் பக்கம் வெறும் கோடு என்றால் கோரிக்கை செயலிவரை போகவே இல்லை, வாசலிலேயே திரும்பிவிட்டது.

ஹெடரில் டெஸ்ட்டின் தலைப்பைப் போடாதீர்கள். "தவறான கடவுச்சொல்லுக்குப் பிழை காட்ட வேண்டும்" என்று தமிழில் தலைப்பு வைத்திருந்தால் ஹெடர் மதிப்பாக அது செல்லாது. டெஸ்ட்-இன்ஃபோ தரும் டெஸ்ட்-ஐடி போதும். இந்த ஹெடர் வெளி டொமைன்களுக்குப் போகும் கோரிக்கைகளிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். எழுத்துரு, பேமென்ட் போன்ற வெளிச் சேவைகளில் சி.ஓ.ஆர்.எஸ். (வேறு டொமைனுக்குப் போகும் கோரிக்கைகளுக்கான பிரவுசர் விதி) தடை வரக்கூடும்.

தமிழ்ப் பாதைகள் உள்ள தளம் என்றால், டாலர்-யு.ஆர்.ஐ மாறியை லாக்கில் எழுதும்போது தமிழ் எழுத்துகள் பைட் குறியீடுகளாகச் சிதறி விழும். லாக்-ஃபார்மட்டில் எஸ்கேப் என்பதற்கு ஜேசன் என்று கொடுத்தால் தமிழாகவே படிக்கலாம்.

படி 9: எந்த டெஸ்ட்டுகளை முதலில் எழுதுவது

உங்கள் பழைய டெஸ்ட்டுகள் எல்லாம் இனி என்ஜின்எக்ஸ் வழியாகத்தான் போகும். அதுவே பாதி லாபம். கூடவே வாசலையே சோதிக்கும் சில டெஸ்ட்டுகள் வேண்டும். பிரவுசர் தேவையில்லை, பிளேரைட்டின் ரெக்வஸ்ட் ஃபிக்ஸ்சர் போதும்.

பாதுகாப்பு ஹெடர்களிலிருந்து தொடங்குங்கள். என்ஜின்எக்ஸில் ஆட்-ஹெடர் ஒரு விசித்திரமான ஆள். சர்வர் தொகுதியில் ஐந்து பாதுகாப்பு ஹெடர்கள் வைத்திருக்கிறீர்கள். ஒரு லொக்கேஷன் தொகுதிக்குள் கேஷுக்காக ஒரே ஒரு ஆட்-ஹெடர் எழுதினால், மேலிருந்து வர வேண்டிய ஐந்தும் அந்த லொக்கேஷனில் காணாமல் போகும். எச்சரிக்கை எதுவும் வராது. ஆல்வேஸ் என்ற சொல் இல்லாவிட்டால் 404, 500 பதில்களிலும் ஹெடர் சேராது. முகப்பு, ஸ்டேட்டிக் கோப்பு, ஏ.பி.ஐ., இல்லாத பக்கம் என்று நான்கு வகைப் பாதைகளிலும் அந்த ஐந்து ஹெடர்களும் வருகின்றனவா என்று ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்கள். பல தளங்களில் முதல் ஓட்டத்திலேயே சிவப்பு விழும்.

அடுத்து கோப்பு அளவு. திரையில் "10 எம்.பி. வரை ஏற்றலாம்" என்று எழுதி, கான்ஃபிக்கிலும் 10 எம் என்று கொடுத்திருப்பீர்கள். சரியாக 10 எம்.பி., அதாவது 1,04,85,760 பைட் உள்ள கோப்பை ஏற்றினால் 413 வரும். என்ஜின்எக்ஸ் அளப்பது கோப்பை அல்ல, கோரிக்கையின் முழு உடலையும். மல்டிபார்ட் படிவத்தின் எல்லைக் கோடுகள், கோப்புப் பெயர் எல்லாம் கணக்கில் சேரும். கான்ஃபிக்கில் 11 எம் கொடுத்துவிட்டு, 10 எம்.பி. என்ற சரியான கணக்கைச் செயலியிடம் விடுவதே முறை. சரியாக 10 எம்.பி. ஏற்கப்படுகிறதா, 12 எம்.பி. 413 வாங்குகிறதா என்று இரண்டு டெஸ்ட்டுகள். கோப்பை ரெப்போவில் சேமிக்க வேண்டாம். டெஸ்ட்டுக்குள்ளேயே பஃபர் அலோக் கொண்டு உருவாக்கிக்கொள்ளலாம்.

ரீடைரக்ட்டைச் சோதிக்கும்போது மேக்ஸ்-ரீடைரக்ட்ஸ் 0 என்று கொடுங்கள். இல்லாவிட்டால் பிளேரைட் தானே பின்தொடர்ந்து போய் 200-ஐக் கொண்டுவந்து நீட்டும், நடுவில் 301 வந்ததா 302 வந்ததா என்று தெரியாது. தமிழ் உரைக் கோப்புகளை நேரடியாக வழங்கும் தளம் என்றால் கன்டென்ட் டைப்பில் யு.டி.எஃப்.-8 வருகிறதா என்றும் ஒரு வரி பாருங்கள். சார்செட் அமைப்பு விட்டுப்போனால் எழுத்து உடைந்து தெரியும்.

சி.ஐ.யில் ஓட்டும்போது

இவ்வளவும் ரெப்போவுக்குள்ளேயே இருப்பதால் சி.ஐ.யில் புதிதாகச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். என்ஜின்எக்ஸையும் என்வ்-சப்ஸ்ட்டையும் நிறுவுங்கள். என்வ்-சப்ஸ்ட் டெபியன் வகைகளில் கெட்-டெக்ஸ்ட்-பேஸ் பொதியில் வரும். பொதி மேலாளர் வழியாக நிறுவியதும் கணினியின் என்ஜின்எக்ஸும் சேவையாகத் தொடங்கி போர்ட் 80-ல் உட்கார்ந்துகொள்ளலாம். நம் போர்ட் வேறு என்பதால் அது பாட்டுக்கு இருக்கட்டும். பதிப்பு மட்டும் புரொடக்‌ஷனோடு ஒத்துப்போக வேண்டும். முடியாவிட்டால் அதே பதிப்பின் டாக்கர் இமேஜைப் பயன்படுத்துங்கள்.

டெஸ்ட் தோற்றால் பிளேரைட் ட்ரேஸோடு (டெஸ்ட்டின் படிப்படியான பதிவு) என்ஜின்எக்ஸின் இரண்டு லாக்குகளையும் ஆர்ட்டிஃபேக்ட்டாகச் சேமிக்கச் சொல்லுங்கள். கூடவே, தொடக்க ஸ்கிரிப்ட்டில் ஹைஃபன்-டிக்குப் பதில் பெரிய எழுத்து டி போட்டால் சரிபார்ப்பும் நடக்கும், எல்லா இன்க்ளூட்டுகளையும் விரித்த முழுக் கான்ஃபிக்கும் வெளியே வரும். அதை ஒரு கோப்பில் பிடித்து லாக்கோடு வைத்துவிடுங்கள். மாறிகள் நிரம்பிய பிறகு உண்மையில் ஓடிய கான்ஃபிக் எது என்று அதில் அப்படியே இருக்கும்.